விசை நிமிர்ந்தது, விரல் நிமிர்வது என்று?

தாம்பரத்திலிருந்து செங்கற்பட்டு நோக்கிச் செல்லும் தொடர்வண்டித் தடத்தில் கூடுவாஞ்சேரி அமைந்திருக்கும் இடத்தைத் தமிழுணர்வுடையார் ஒருமுறை எண்ணிப் பார்த்தல் வேண்டும். அதே தடத்தில் வடக்கே இருப்பது பல்லாவரம். வேதாசலம் என்னும் வடசொற் பெயரைக் களைந்து மறைமலை ஆன அடிகள் 1911 முதல் 1950-இல் மறையும் வரை வாழ்ந்த ஊர். தெற்கே மூன்றாம் நிறுத்தம் மறைமலைநகர். அவ்வடிகளின் பெயரையே தாங்கி நிற்கும் ஊர். 1916-இல் தனித்தமிழ் இயக்கத்தைத் தோற்றுவித்த பெருமகனாரின் வாழ்விடத்திற்கும் அவர் பெயர் விளங்கும் இடத்திற்கும் இடைப்பட்ட இவ்வூரில் இன்று தமிழ் எவ்வாறு எழுதப்படுகிறது? இதுவே வினா.

கூடுவாஞ்சேரியின் குடிக்கூலி வீடுகளில் கணிப்பொறிப் பணியாளரும், அடுத்த நிறுத்தமாகிய பொத்தேரியின் பல்கலைக்கழக மாணவரும் நிறைந்துள்ளனர். இத்தகைய இளைஞருள் ஒரு சாரார்க்கு அண்மையாண்டுகளில் ஒரு புதுவிருப்பம் தோன்றியுள்ளது. கடையில் ஆயத்தமாய்க் கிடைக்கும் விசைப்பலகை அவர்க்குப் போதாது. ஒவ்வொரு விசைக்கும் தனித்தனி வில் பொருந்திய பலகையைத் தாமே கோத்துக்கொள்கின்றனர். வில்லின் இறுக்கம் இவ்வளவு, ஒலி இவ்வாறு, மேல்மூடியின் உயரம் இவ்வளவு என்று ஆராய்ந்து ஆராய்ந்து பல்லாயிரம் உருபா செலவிடுகின்றனர். எழுத்து வரிசையிலும் அவர்க்குத் தனி விருப்பமுண்டு. அமெரிக்காவில் 1936-இல் காப்புரிமை பெற்ற துவோராக்கு வரிசை சிறந்ததா, 2006-இல் வந்த கோல்மாக்கு வரிசை சிறந்ததா என்று சொற்போரிடுவர். பலகையின் உள்நிரலையே மாற்றி, எவ்விசை எதனை எழுதவேண்டும் என்று தாமே ஆணையிடுவர்.

இவற்றைக் குறையென்று கூறுவார் எவருமிலர். கருவியைப் பேணுவது அறிவுடையான் செயல். அவர் பேணும் திறத்திற்கு ஓர் எடுத்துக்காட்டைக் காண்க. நெகிழியால் வார்க்கப்படும் விசைமூடிகளுள் பி.பி.டி. என்னும் வகை உறுதியானது. விரல் பட்டுப்பட்டு எளிதில் பளபளப்பேறுவதில்லை. ஆயின் அச்சில் வார்த்துக் குளிரும்போது அது ஏ.பி.எசு. என்னும் மற்றை வகையினும் மிகுதியாகச் சுருங்கும். ஆகவே நீண்ட மூடிகள், சிறப்பாகச் சொற்களுக்கு இடைவெளி விடும் நெடும்பட்டை, வளைந்துபோவதுண்டு. நடு மேலெழுந்தோ முனைகள் மேலெழுந்தோ நிற்கும், அழுத்தினால் உராயும், ஒருபால் சிக்கிக்கொள்ளும். அப்பட்டையை அவ்விளைஞன் எறிந்துவிடுகின்றானா? இல்லை. கழற்றிக் கண்ணாடிப் பரப்பில் வைத்து, எத்துணை வளைந்துள்ளதென்று ஒளிக்கெதிரே நோக்குகின்றான். கொதிநிலைக்குச் சற்றுக் கீழான வெந்நீரில் சில மணித்துளிகள் இடுகின்றான். நெகிழ்ந்ததும் எடுத்து, வளைவிற்கு எதிர்ப்புறமாக மெல்ல அழுத்தி, சமதளத்தில் வைத்து மேலே எடையேற்றி, முற்றிலும் குளிரும் வரை காத்திருக்கின்றான். விரைந்து எடுத்தால் மீண்டும் வளையும். மிகுதியாக அழுத்தினால் அடியிலுள்ள காம்பின் துளை கெடும். ஒருமுறையில் நேராகாவிடின் மறுமுறை. மறுமுறையும் தவறின் மும்முறை.

ஒரு நெகிழித் துண்டின் மயிரளவு வளைவைப் பொறாத கண் அது! அந்தக் கண் தன் பலகையின் மேல் தமிழெழுத்து ஒன்றுகூட இல்லை என்பதைக் காணவில்லை.

இல்லாமை மட்டுமா? அழகிற்காக என்று வாங்கப்படும் விசைமூடித் தொகுதிகள் பலவற்றில் ஆங்கில எழுத்தின் அருகே சப்பானிய எழுத்துகளும் பொறிக்கப்பட்டுள்ளன. அவற்றுள் ஒன்றையும் அவனுக்குப் படிக்கத் தெரியாது. ஆயினும் பொன்போல் போற்றுகின்றான். பிறன் எழுத்து பொருள் தெரியாமலேயே அவனுக்கு அழகாயிருக்கின்றது. தன் எழுத்தை அவ்விடத்தில் வைத்துப் பார்க்க வேண்டும் என்னும் எண்ணமே அவனுக்குத் தோன்றவில்லை. தன் பெற்றோர்க்குத் தமிழில் ஒரு மடல் எழுத முற்படும்போது அவன் விரல் எங்கே செல்கிறது? ‘தமிழ்’ என்று எழுத வேண்டின் ‘டி’ அடிக்கின்றான், ‘எச்சு’ அடிக்கின்றான், பின் ‘ஏ’, ‘எம்’, ‘ஐ’, ‘செட்’, மீண்டும் ‘எச்சு’. ஏழு ஆங்கில எழுத்துகளைத் தட்டியபின் திரையில் தமிழ் தோன்றுகின்றது. தன் வீட்டிற்குள் நுழையவே அயலான் வாயிலில் நின்று அவன் இசைவு பெற்று நுழைவானைப் போன்றதன்றோ இது?

தமிழுக்கென்று பலகை இல்லாமையால் நேர்ந்த கேடா இது? இல்லை, வரலாறு அதற்கு எதிராகவே சான்று பகர்கின்றது. யாழ்ப்பாணத்துச் சுண்டிக்குழியில் 1886-இல் பிறந்து, இளமையிலேயே மலேயா சென்று பிழைத்த இரா. முத்தையா என்பார், எவர் ஏவலுமின்றித் தமிழுக்குத் தட்டச்சுப்பலகை வகுத்தார். செருமனியில் பொறி செய்வித்தார். இருநூற்று நாற்பத்தேழு எழுத்தையும் ஒரு சிறு பொறிக்குள் அடக்கும் வழியைக் கண்டார். புள்ளி போன்ற குறிகளை அடிக்கும்போது உருளை நகராதிருக்குமாறு அமைத்து, குறியும் எழுத்தும் ஒரே இடத்தில் பதியச் செய்தார். 1956-இல் தமிழ் ஆட்சிமொழியாகச் சட்டம் இயற்றப்பட்டபோது, தமிழை அலுவலகத்தில் எழுத இயலுமா என்று ஏளனம் செய்தோர்க்கு விடையாய் நின்றது தமிழ்த் தட்டச்சுப்பொறியே. சிற்றூர்தோறும் தட்டச்சுப் பயிலகங்கள் எழுந்தன. ஆடவரும் பெண்டிரும் ஆயிரக்கணக்கில் அங்குப் பயின்று அரசுப் பணி பெற்றனர். அப்பலகை பொறியின் கட்டாயத்திற்கு ஏற்ப வகுக்கப்பட்டதே. ‘கொ’ என்பதைக் கண்ணுக்குத் தெரியும் வரிசையில் கொம்பு, ககரம், கால் என மூன்றாகப் பிரித்து அடிக்க வேண்டியிருந்ததும் மெய்யே. ஆயினும் அதனைத் தொட்ட விரல் ஒவ்வொன்றும் தமிழெழுத்தையே தொட்டது.

அந்நாளில் எழுத்தைக் கருவிக்கேற்பத் திருத்தும் நெருக்கடியும் இருந்தது. 1978-இல் தமிழ்நாட்டரசின் ஆணைப்படி ணா, றா, னா முதலாகவும் ணை, லை, ளை, னை முதலாகவும் பதின்மூன்று எழுத்துகளின் பழைய வடிவங்கள் மாற்றப்பட்டன. அச்சுக்கோப்பிற்கும் தட்டச்சிற்கும் எளிமை வேண்டும் என்பது அதற்குக் கூறப்பட்ட முதன்மையான ஏது. அம்மாற்றம் செவ்விதா அன்றா என்னும் வழக்கு இங்கு வேண்டா. வேண்டுவது ஒன்றே: கருவிக்காகத் தமிழன் தன் எழுத்தையே மாற்றிக்கொண்ட காலம் ஒன்று இருந்தது. இன்று கணிப்பொறியில் அக்கட்டாயம் ஒன்றுமில்லை. கருவி எவ்வெழுத்தையும் ஏற்கும்; எவ்வரிசையையும் ஏற்கும். தடை கருவியில் இல்லாத காலத்தில் தமிழன் எழுத்தையே விட்டுவிடுகின்றான் என்றால் குறை எங்கே இருக்கின்றது?

கணிப்பொறி வந்த தொடக்கத்தில் ஆளுக்கொரு வரிசையும் ஆளுக்கொரு குறியேற்றமுமாய்த் தமிழ் சிதறிக் கிடந்தது. அதனை ஒழுங்குபடுத்த அயலார் வரவில்லை, தமிழரே முனைந்தனர். 1997-இல் சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி முன்னின்று தமிழிணைய மாநாட்டைக் கூட்டினார். அதன் தொடர்ச்சியாக 1999 பிப்பிரவரியில் சென்னையில் மாநாடு நடந்தது. பல நாட்டுத் தமிழறிஞரும் பொறியறிஞரும் கூடி ஆய்ந்து தெளிந்த வரிசையைத் தமிழ்நாட்டரசு அவ்வாண்டே ஆணையிட்டு ஏற்றது. அதுவே தமிழ்99.

அப்பலகையின் அமைப்பை நோக்குவார் தமிழிலக்கணத்தையே நோக்குகின்றனர். உயிர் பன்னிரண்டும் இடக்கைக்கு. மெய் பதினெட்டில் வகரமும் ஙகரமும் ஒழிந்த பதினாறும் வலக்கைக்கு. ஆய்தம் இடக்கைச் சுட்டுவிரலின் அடியில். ஆக முப்பத்தொரு விசை, அவ்வளவே. விரல்கள் இயல்பாய் அமரும் நடுவரிசையில் அ, இ, உ, எ என்னும் குறில்களும், க, ப, ம, த, ந, ய என்னும் மெய்களும் உள்ளன. அகரத்திற்கு நேர்மேலே ஆகாரம், இகரத்திற்கு மேலே ஈகாரம், உகரத்திற்கு மேலே ஊகாரம், எகரத்திற்கு மேலே ஏகாரம். குறிலுக்கு அருகே நெடில் என்பதை அறிந்த எந்தச் சிறுவனும் அரைநாளில் அதனை மனத்திற் பதித்துக்கொள்வான். ககரத்தை அடித்து ஒகரத்தை அடித்தால் ‘கொ’. மெய்யும் உயிரும் கூடி உயிர்மெய் ஆகும் என்று பள்ளியிற் கற்றதே விரலில் நிகழ்கின்றது. ஒரே மெய் இரட்டித்து வந்தால் முன்னதற்குப் புள்ளி தானே விழும். ஙகரத்தை அடுத்துக் ககரம் வந்தாலும், ஞகரத்தை அடுத்துச் சகரம் வந்தாலும் அவ்வாறே. இன எழுத்து எது என்பது பலகைக்கே தெரியும்! ‘அம்மா’ என்பதற்கு நான்கே தட்டு. உரோமன் வழியில் ஐந்து. ‘பள்ளி’க்கு நான்கு, உரோமன் வழியில் ஐந்தும், ளகரத்திற்காக மாற்றுவிசையும். ‘தமிழ்’ என்பதற்கு ஐந்து. உரோமன் வழியில் ஏழு. மற்றொன்றும் உண்டு. ஸ, ஷ, ஜ, ஹ என்னும் வடவெழுத்துகள் இம்முப்பத்தொன்றில் இல்லை. மாற்றுவிசையை அழுத்தித் தேடினாலன்றி அவை வாரா. அடிகளார் கொள்கையைப் பலகையில் வடித்தாற்போன்ற அமைப்பு இது.

இதற்கு எதிரே நடுவணரசின் மின்னணுத் துறை 1986-இல் வகுத்த பொதுவரிசை ஒன்றும் உண்டு. இந்திய மொழிகள் அனைத்திற்கும் ஒரே சட்டகம் என்பது அதன் கொள்கை. சட்டகமோ தேவநாகரிக்கு ஏற்றது. ககரத்திற்கு மூச்சொலி இணை தமிழில் இல்லை. ஆகவே தமிழில் அவ்விடம் வெறிதே கிடக்கும். உயிரெழுத்திற்கு ஓரிடமும் அதன் குறிக்கு வேறோரிடமுமாக உயிர்கள் இரட்டை இடம் கொள்ளும். ஒவ்வொரு மெய்க்கும் புள்ளியைத் தனியே அடித்தாக வேண்டும். பிறன் அளவிற்குத் தைத்த சட்டையைத் தமிழுக்கு மாட்டி, தொங்கும் இடத்தையெல்லாம் ஒற்றுமை என்று பெயரிட்டழைத்த செயல் இது. விண்டோசு இயங்குதளத்தில் நெடுங்காலம் தமிழுக்கென வைக்கப்பட்டிருந்த வரிசை இதுவே. தமிழ்நாட்டரசு 1999-இல் ஆணையிட்ட தமிழ்99 அத்தளத்தில் இடம்பெற்றது 2019-இல். இருபது ஆண்டு! அவ்விருபது ஆண்டில் ஒரு தலைமுறை உரோமன் வழியிலேயே தமிழெழுதப் பழகி முடிந்தது.

இங்கே சிலர் எழுந்து, ‘எவ்வழியில் அடித்தால் என்ன? திரையில் வருவது தமிழ்தானே’ என்பர். வருவது தமிழ், ஆயின் உள்ளே நிகழ்வது யாது? ழகரம் என்றால் தனக்கென ஒலியும் வடிவும் உடைய தனியெழுத்து என்பது தமிழ்ப் பிள்ளையின் அறிவு. உரோமன் வழியில் எழுதும் பிள்ளைக்கோ ழகரம் என்பது ‘செட்’டும் ‘எச்சு’ம் சேர்ந்த கூட்டு. லகரம் சிறிய ‘எல்’. ளகரம் பெரிய ‘எல்’. ணகரம் பெரிய ‘என்’. னகரம் சிறிய ‘என்’. சில முறைகளில் நகரத்திற்கு ‘டபிள்யூ’! மூன்றும் மூன்று பலுக்கல் என்பது மறைந்து, ஓர் ஆங்கில எழுத்தின் சிறுமை பெருமையாய் அவை குறுகுகின்றன. எது சிறிது எது பெரிது என்று தெரியாதபோது, கருவி முன்வைக்கும் சொற்களுள் ஒன்றைத் தொட்டுவிட்டுப் போகின்றான். ‘பள்ளி’யும் ‘பல்லி’யும் மயங்குவது அவ்வாறே. எழுத்துப் பிழை பெருகிவிட்டது என்று தமிழாசிரியர் வருந்துகின்றனர். பிழை விரல்நுனியில் விதைக்கப்படுகின்றது.

‘சப்பானியரும் சீனரும் உரோமன் வழியே எழுதவில்லையா?’ என்று வேறு சிலர் வினவுவர். சீன எழுத்து பல்லாயிரம். அவற்றைப் பலகையில் பொறிக்க இயலாது. அந்நிலையிலும் தைவான் மக்கள் உரோமனை நாடாமல், தம் ஒலிக்குறிகள் முப்பத்தேழைப் பலகையில் பொறித்து எழுதுகின்றனர். சீனத்தில் உரோமன் வழியே தட்டிப் பழகியோர், தூவல் எடுத்தால் எழுத்து மறந்து திகைக்கும் நிலை பரவி, அதனைச் சுட்டுவதற்கென்றே ஒரு தொடர் வழக்கில் வந்துவிட்டது. தமிழுக்கோ முப்பத்தொரு விசை போதும். தமிழோடு ஒப்பிடத் தக்கது கொரியம். கொரியர் எழுத்தும் உயிரும் மெய்யும் கூடி அமைவதே. அவர் பலகையில் மெய்கள் இடப்பக்கம், உயிர்கள் வலப்பக்கம். கொரிய நாட்டில் விற்கும் பலகைகளில் அவர் எழுத்து பொறிக்கப்பட்டிருப்பதே வழக்கம். அவரும் கணிப்பொறி செய்கின்றனர், கப்பல் கட்டுகின்றனர், உலகெங்கும் விற்கின்றனர். தம் எழுத்தைத் தட்டியதால் அவர் எதிலேனும் பின்தங்கினரா?

பிரஞ்சு மக்களைப் பாருங்கள். உரோமன் எழுத்தையே உடைய அவர்கள்கூடத் தம் மொழிக்குரிய மேற்குறி எழுத்துகளைத் தலைப்பெழுத்தாக எளிதில் எழுத இயலவில்லை என்று அரசளவில் முறையிட்டு, 2019-இல் தம் பலகைக்குப் புதிய தரம் வகுத்துக்கொண்டனர். துருக்கியர் 1955-இலேயே தம் மொழியில் எவ்வெழுத்து எத்துணை முறை வருகின்றது என்று எண்ணிப் பார்த்துத் தனிப்பலகை இயற்றினர். ஆயின் கணிப்பொறியோடு கடைக்கு வந்த பலகைகளில் பெரும்பாலானவை ஆங்கில வரிசையைத் தழுவியவை. துருக்கியிலும் அதுவே பெருகிவிட்டது. இதில் தமிழர்க்கு ஒரு பாடமுண்டு. நல்ல வரிசையை இயற்றினால் மட்டும் போதாது, ஆணையிட்டாலும் போதாது. கடையில் கைக்கு வரும் பலகையில் அவ்வெழுத்து பொறிக்கப்பட்டிருத்தல் வேண்டும். கண்ணுக்குத் தெரியாத எழுத்தை விரல் தேடாது.

‘கற்பது கடினம்’ என்பது இறுதியாகச் சொல்லும் சாக்கு. துவோராக்கு வரிசையைக் கற்கத் திங்கள் பல உழைக்கும் இளைஞன் இதனைச் சொல்லலாமா? ஆங்கிலத்தைச் சற்று விரைந்து அடிப்பதற்காகப் பழகிய வரிசையையே துறந்து புதுவரிசை பயிலும் பொறுமை அவனுக்கு உண்டு. தாய்மொழியைத் தாய்மொழியாகவே அடிப்பதற்கு மட்டும் பொழுதில்லை! அவ்வாறாயின் இல்லாதது பொழுதன்று, மானம்.

செய்ய வேண்டுவன அரியன அல்ல. பி.பி.டி. மூடிகளில் சாயத்தை வெப்பத்தால் உள்ளேற்றி எழுத்துப் பொறிக்கும் முறை உண்டு. மேலே ஒட்டிய எழுத்துப்போல் அது தேயாது. வெளிர்நிற மூடியில் கருநிறச் சாயம் ஏற்றினால் தமிழெழுத்தின் வளைவும் சுழியும் தெளிவாக விளங்கும். முப்பத்தொரு மூடி போதும். சப்பானிய எழுத்து பொறித்த தொகுதிக்குப் பொருள் கொடுக்கும் கை, தமிழெழுத்து பொறித்த தொகுதி வேண்டும் என்று கேட்கட்டும். கேட்பார் பெருகினால் விற்பார் தோன்றுவர். அதுவரை எழுத்துப் பொறித்த ஒட்டுத்தாள்களை ஒட்டுக. இயங்குதளத்தின் அமைப்பில் தமிழ்99 முன்னரே உள்ளது. தேர்ந்தெடுப்பதற்குப் பொருட்செலவு இல்லை. நாளும் அரைமணி நேரம் பழகுக. வீட்டில் பிள்ளைகள் இருப்பின் அவர்க்கு முதலில் இதனையே கற்பிக்க. உரோமன் வழி அறியாத விரலுக்குத் தமிழ்99 மிக எளிது.

அரசுக்கும் கடமையுண்டு. தான் ஆணையிட்ட வரிசையைத் தான் வாங்கும் ஒவ்வொரு பலகையிலும் பொறித்துக் கேட்பது அரசின் உரிமை. தமிழ்நாட்டில் விற்கப்படும் பலகைகளில் தமிழெழுத்து இருத்தல் வேண்டும் என்று விதிப்பதும் அரசால் இயலும். கடைப் பெயர்ப்பலகையில் தமிழ் வேண்டும் என்று வலியுறுத்தும் நாட்டில், கடைக்குள் விற்கும் விசைப்பலகையில் தமிழ் வேண்டா என்பது என்ன முறை? தெருவில் தொங்கும் பலகை ஊரார் பார்ப்பதற்கு; மேசைமேல் இருக்கும் பலகையே தமிழன் நாளெல்லாம் தொடுவது.

கூடுவாஞ்சேரியில் அவ்விளைஞன் நெடும்பட்டையை வெந்நீரிலிருந்து எடுத்துவிட்டான். வளைவிற்கு எதிராக அழுத்தி, எடை வைத்து, குளிரட்டும் என்று காத்திருக்கின்றான். வளைந்த பொருள் தானே நிமிராது. வெம்மையும் வேண்டும், எதிரழுத்தமும் வேண்டும், நிலைக்கும் வரை பொறுமையும் வேண்டும் என்பதை அவன் நன்கறிவான். அவன் கை வளைந்து கிடப்பதும் அவ்வாறே நிமிர வேண்டும். அடிகள் வாழ்ந்த ஊர் அவனுக்கு வடக்கே; அவர் பெயர் தாங்கிய ஊர் அவனுக்குத் தெற்கே. பட்டை குளிர்வதற்குள் அவன் தன் கணிப்பொறியில் தமிழ்99-ஐத் தேர்ந்தெடுத்து, அகரத்தில் ஒரு விரலும் மகரத்தில் ஒரு விரலும் வைத்து ‘அம்மா’ என்று நான்கு தட்டில் எழுதிப் பார்க்கட்டும். விசை நிமிர்ந்த அன்றே விரலும் நிமிரட்டும்!